வேளிக் காயலும் இரு வண்டுகளும்

திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் நோக்கி இரயிலில் செல்லும் நேயர்கள் கழக்கூட்டம் என்னும் ஊரைக் கடந்திருப்பார்கள். திருவிதாங்கூர் வரலாற்றைப் படித்தவர்களுக்கு அப்பெயர் மார்த்தாண்ட வர்மரை எதிர்த்து நின்ற எட்டு வீட்டுப் பிள்ளைமாருள் ஒருவராகிய கழக்கூட்டத்துப் பிள்ளையை நினைவூட்டும். இளைஞர்களுக்கோ அது 1990-இல் தொடங்கப்பெற்ற டெக்னோபார்க்கின் பெயரோடு ஒட்டிய ஊர். அதன் அண்டையிலுள்ள தும்பா, 1963 நவம்பர் 21 அன்று நம் நாட்டு மண்ணிலிருந்து முதல் ஆராய்ச்சி ராக்கெட்டு விண்ணேறிய இடம் என்பதும் பலர் அறிந்ததே. இவற்றுக்கெல்லாம் இடையே, எவரும் கொண்டாடாத மற்றொரு நிகழ்ச்சியும் இப்பகுதியில் நடந்தது. 1955-ஆம் ஆண்டில், கழக்கூட்டத்துக்குத் தெற்கே கடலோரமாகக் கிடக்கும் வேளிக் காயலில், உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஒரு மிதக்கும் செடி காணப்பட்டது. இந்தியாவில் அச்செடி முதன்முதல் கண்ணிற்பட்ட இடம் அதுவே என்பர் களையியலார்.

அது பூவாத, காய்க்காத செடி. பெரணி இனத்தைச் சேர்ந்தது. சால்வீனியா என்பது அதன் நூற்பெயர். கேரள மக்கள் அதற்கு ‘ஆப்பிரிக்கன் பாயல்’ என்று பெயரிட்டனர். பாயல் என்பது நம் பாசியே. உண்மையில் அது பாசியும் அன்று, ஆப்பிரிக்காவில் பிறந்ததும் அன்று. அதன் தாயகம் பிரேசில் நாட்டின் தென்கிழக்குப் பகுதி. ஆயினும், வந்தேறிய ஒன்றுக்கு ஊரார் வைக்கும் பெயர் எந்நாளும் இவ்வாறுதானே அமைகிறது? நெல்லையிலிருந்து போனவரையும் கோவையிலிருந்து போனவரையும் வடநாட்டார் ஒரே மூச்சில் ‘மதராசி’ என்றழைப்பதை நாம் கேட்டுப் பழகியவர்கள். அந்தப் பெயர்ப்பிழையால் நமக்குச் சேதம் அதிகமில்லை. இச்செடியின் பெயரில் நேர்ந்த பிழையோ, மூன்று கண்டங்களில் பல ஆண்டு உழைப்பை வீணாக்கியது. அதைத்தான் இங்குச் சற்று விரிவாகச் சொல்ல எண்ணுகிறோம்.

அதற்கு முன் இன்னொரு வருகையையும் குறித்துவிடுவோம். வேளியில் சால்வீனியா தோன்றிய அதே 1955-இல், புனே நகரில் ஒரு வெள்ளைப்பூப் பூண்டு கவனத்துக்கு வந்தது. அதுதான் பார்த்தீனியம். பெங்களூரிலும் புனேயிலும் வாழும் நேயர்களுக்கு இதை வருணித்துக் காட்ட வேண்டியதில்லை. காலி மனையிலும் இரயில் பாதையோரத்திலும் முழங்காலளவு வளர்ந்து, தொட்டவர் தோலில் தடிப்பையும் சிலருக்கு மூச்சிரைப்பையும் உண்டாக்குவது. மெக்சிக்கோவும் அதைச் சூழ்ந்த நாடுகளும் அதன் தாயகம். அமெரிக்கா பி.எல். 480 சட்டத்தின்கீழ் அனுப்பிய கோதுமையோடு கலந்து வந்தது என்பது நாடெங்கும் வழங்கும் கதை. ‘காங்கிரஸ் புல்’ என்ற பெயரையும் அக்கதையோடு சேர்த்தே சொல்வார்கள். கதையின் காலக்கணக்கு மட்டும் ஒத்துவரவில்லை. அச்சட்டத்தின்கீழ் இந்தியாவோடு முதல் உடன்படிக்கை கையெழுத்தானது 1956 ஆகஸ்டில். பூண்டோ அதற்கு முந்திய ஆண்டிலேயே புனேயில் இருந்தது. 1951-இல் அமெரிக்கா கடனாகத் தந்த கோதுமையோடு வந்திருக்கலாம் என்றால் அதில் பொருத்தம் உண்டு. வழங்கும் கதையை அப்படியே ஏற்க நமக்கு மனம் வரவில்லை.

ஒன்று நீரில், மற்றது நிலத்தில். இரண்டையும் உண்பதற்கென்று ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு வண்டுகள் கடல் கடந்து பெங்களூருக்கு வந்தன. அவற்றுள் பார்த்தீனியத்தின் மேல் விடப்பட்டது இலைவண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. சால்வீனியாவின் மேல் விடப்பட்டது கூன்வண்டு. தென்னை வளர்ப்போர் அஞ்சும் சிவப்புக் கூன்வண்டுக்குத் தூரத்து உறவு. இலைவண்டும் கூன்வண்டும் வண்டினத்தில் பங்காளிகளைப் போன்றவை. பூச்சி நூலார் இவற்றின் இரு பெருங்குலங்களையும் ஒரே கிளையில் வைத்து எண்ணுவர்.

களையைப் பூச்சியால் அடக்கும் முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. அதன் தொடக்கமே ஒரு பெயர்க் குழப்பத்தில்தான் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், மெக்சிக்கோவின் செஞ்சாயப் பூச்சியை இங்கே வளர்த்துப் பொருளீட்டக் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆசைகொண்டனர். சென்னையில் மருத்துவ அதிகாரியாயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அதற்காகச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே அமைத்தார். 1795-இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியும் வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது வேறு இனம். அது தந்த சாயம் மட்டம். கள்ளியையோ அது தின்று தீர்த்தது. சாயம் தேடியவர்களுக்கு ஏமாற்றம், கள்ளி மண்டிய நிலத்தை உழ விரும்பியவர்களுக்கு ஆதாயம். 1836-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதே பூச்சியைத் தென்னாட்டுக்கு வேண்டுமென்றே கொண்டுவந்தார்கள். ஆயினும் அது ஒருவகைக் கள்ளியைத்தான் அழித்தது. நம் ஊர்ப்புறத்தில் வேலியெங்கும் நின்ற சப்பாத்திக்கள்ளியை அது தீண்டவில்லை. அதற்கு உரிய இனம் இலங்கை வழியாக வந்து சேர 1926 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரே சாதிப் பூச்சிகள், பார்வைக்கு ஒன்றுபோல்வன. ஒன்று உண்ணும் கள்ளியை மற்றது உண்ணாது. இந்தப் பாடம் ஏட்டில் எழுதப்பட்டிருந்தும், முப்பது நாற்பது ஆண்டுக்குப்பின் சால்வீனியாவில் அதே சுழல் மீண்டும் வந்தது.

சால்வீனியா 1939-இலேயே கொழும்புக்குக் கல்விப் பயன்பாட்டுக்காகக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தப்பி வயல்களில் பரவிவிட்டது. ஆப்பிரிக்காவில் சாம்பசி ஆற்றின் குறுக்கே கரீபா அணை 1958 இறுதியில் மூடப்பட்டபின், புதிய ஏரியின் மேல் அது விரிந்து 1962-இல் ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீட்டரை மூடிற்று. அப்பொழுது அறிஞர்கள் இதனைத் தென்னமெரிக்காவில் பரவலாகக் கிடைக்கும் ‘ஆரிக்குலாட்டா’ என்ற இனமாகவே கருதினர். எனவே 1960-களின் தொடக்கத்தில் டிரினிடாட் தீவுக்கும் அதனைச் சுற்றிய பகுதிகளுக்கும் சென்று, அங்கே அச்செடியைத் தின்னும் பூச்சிகளைத் தேடினர். ஒரு கூன்வண்டு, ஓர் அந்துப்பூச்சி, ஒரு வெட்டுக்கிளி ஆகிய மூன்றும் கிடைத்தன. அந்தக் கூன்வண்டின் பெயர் சிர்ட்டோபேகஸ் சிங்குலாரிஸ். ஆப்பிரிக்காவிலும் பிஜித் தீவிலும் அதனை விட்டார்கள். பயன் பெரிதாக விளையவில்லை. அந்த வெட்டுக்கிளி 1970-களில் கேரளத்துக்கும் வந்தது. களை அதனைப் பொருட்படுத்தவில்லை.

பூச்சியின் மேல் குற்றம் இல்லை. தேடிய ஊர்தான் தவறு. 1972-இல் மிட்செல் என்னும் தாவர அறிஞர், உலகைத் தொல்லைப்படுத்தும் இச்செடி ஆரிக்குலாட்டா அன்று, தனி இனம் என்று காட்டி, ‘மொலெஸ்டா’ என்று பெயரிட்டார். இலத்தீனில் ‘தொல்லை தருவது’ என்பது அதன் பொருள். பெயர் மாறியதும் கேள்வியும் மாறிற்று: அப்படியானால் இது எங்கே பிறந்தது? 1978-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்களான வெண்டி ஃபோர்னோவும் கென் ஹார்லியும் தென்கிழக்குப் பிரேசிலில் அதன் பிறப்பிடத்தைக் கண்டனர். அங்கேயும் செடியின் மேல் ஒரு கருங்கூன்வண்டு இருந்தது. பார்த்தவர்கள் பழைய சிங்குலாரிஸ் என்றே அதனையும் கருதினர். 1980-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், மவுண்ட் ஐசா என்ற சுரங்க நகருக்கு அருகேயுள்ள மூண்டாரா ஏரியில் அதனை விட்டனர். பதினான்கு மாதத்துக்குள் ஏரியிலிருந்த களை ஏறத்தாழ முழுவதும் மடிந்தது. ஆப்பிரிக்காவில் பல ஆண்டாகச் செய்ய இயலாத வேலையை அதே பெயருள்ள வண்டு இங்கே ஓராண்டில் முடித்தது எப்படி? நுணுகி ஆராய்ந்தபோதுதான், இது வேறு வண்டு என்பது வெளிப்பட்டது. 1985-இல் கால்டர், சாண்ட்ஸ் என்ற இருவர் அதற்குச் சிர்ட்டோபேகஸ் சால்வீனியே என்று புதுப்பெயர் சூட்டினர். காரியம் முதலில் நடந்தது. பெயர் பிறகு வந்தது.

மொழிபெயர்ப்பையே அலுவலாகக் கொண்ட நமக்கு இந்த இடம் மிகவும் சுவையாயிருக்கிறது. கோப்புகளில் ஒரே சொல் இரு பொருளைக் குறித்துவிட்டால், அதைத் தொடர்ந்து வரும் ஆணைகள் எல்லாம் பிழையின்றி எழுதப்பட்டிருந்தும் தவறான முகவரிக்கே போய்ச் சேரும். செடிக்கு ஒரு தவறான பெயர், பூச்சிக்கு மற்றொரு தவறான பெயர். இரண்டுக்கும் நடுவே நேர்மையான உழைப்பு இருபது ஆண்டு அலைந்தது.

இவ்விரு கூன்வண்டுகளையும் ஒப்பிட்டால் வேறுபாடு புறத்தே தெரியாது. இரண்டும் கருமையானவை, இரண்டு மில்லிமீட்டர் அளவே நீளமுள்ளவை. வேறுபாடு உண்ணும் முறையில் இருக்கிறது. சிங்குலாரிஸின் புழு செடியின் வெளிப்புறத்தை மேய்கிறது. சால்வீனியேயின் புழுவோ கிடைத்தண்டைக் குடைந்து உள்ளே செல்கிறது; வளர்ந்த வண்டு நுனிமொட்டைத் தேடித் தின்கிறது. சால்வீனியாவுக்கு விதை கிடையாது. உடைந்த துண்டிலிருக்கும் மொட்டு ஒவ்வொன்றும் ஒரு புதுச்செடி. சத்துள்ள வெதுவெதுப்பான நீரில் சில நாளிலேயே அது இருமடங்காகும். அத்தகைய செடியை இலையைக் கடித்து வெல்ல இயலுமா? மொட்டையும் தண்டையும் சேர்த்து அழிப்பதே வழி. துளைபட்ட தண்டு கறுத்து, அழுகி, நீரில் அமிழ்கிறது. வேர்போலத் தோன்றுவது உண்மையில் வேரன்று, நீருக்குள் தொங்கும் திரிந்த இலையே. புழு அதன் நடுவே கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகிறது. வளர்ந்த வண்டு நீருக்குள் போகும்போது உடலோடு ஒட்டிய மெல்லிய காற்றுப்படலத்தைக் கொண்டு மூச்சு விடுகிறது.

இவ்வண்டின் வயிற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. பாப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றில் 1980-களின் தொடக்கத்தில் இதனை விட்டபோது முதலில் வேரூன்றவில்லை. அந்நீரில் தழைச்சத்துக் குறைவு. செடி நோஞ்சானாக இருந்ததால் வண்டுக்கும் இனம் பெருக்கும் வலுவில்லை. ஆராய்ச்சியாளர்கள் களையின் மேல் யூரியா தூவினர்! களை கொழுத்தது, வண்டு பெருகிற்று, பிறகு களை அழிந்தது. பகைவனுக்குச் சோறிட்டு வெல்வது போன்ற இவ்வேலையைக் கண்ட ஆற்றங்கரை மக்கள் என்ன நினைத்திருப்பார்களோ!

மீண்டும் கேரளத்துக்கு வருவோம். வேளியில் தோன்றிய செடி பத்தாண்டுக்குள் பெருந்தொல்லையாயிற்று. பார்வதி பாய் திருவிதாங்கூரை ஆண்ட 1815-1829 காலத்தில் வெட்டப்பெற்ற பார்வதி புத்தனாறு, வேளிக்கும் வடக்கே கடினங்குளம் காயலுக்கும் இடையே கழக்கூட்டத்துப் பக்கமாகச் செல்வது. சாலை வசதி குறைந்திருந்த காலத்தில் தலைநகருக்குச் சரக்கு வள்ளங்கள் வந்த வழி அது. அத்தகைய கால்வாய்களும் காயல்களும் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும் நாட்டில், ஒரு மிதவைச் செடிக்கு வேறு வாகனம் எதற்கு? அது குட்டநாட்டை அடைந்தது. பழைய இலக்கண உரைகாரர்கள் செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நாடுகளுள் ஒன்றாக எண்ணிய குட்டநாடு அதுவே. கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் பூமி. வள்ளம் செல்ல இயலாமல் கால்வாய்கள் அடைந்தன. களைப்பாய்க்குக் கீழே ஒளியும் காற்றும் புகாமல் மீன் குறைந்தது. வலை வீச இடமில்லை. வயலில் நீர் புகும்போது களையும் உடன்புகுந்து நாற்றை அமுக்கியது.

இதில் மனிதர் கைக்கும் பங்குண்டு. சால்வீனியா உப்பைத் தாங்காது. கோடையில் கடல்நீர் வேம்பநாட்டுக் காயலில் ஏறும்போது களை தானே தளர்ந்துவிடும். நெல்லைக் காப்பதற்காகத் தண்ணீர்முக்கம் தடுப்பணை 1970-களின் நடுவில் பயனுக்கு வந்தபின், உப்புநீர் தடைப்பட்டது. நெல்லோடு களையும் பிழைத்தது. அணை கட்டியவர்களை நாம் பழிக்கவில்லை, நெல் இன்றியமையாதது. ஆயினும் காயலின் உப்பு இத்தனை வேலை செய்துவந்தது என்பதை எவரும் முன்பு கணக்கில் வைக்கவில்லை.

பெங்களூரில் 1983-84-இல், ஆஸ்திரேலியாவிலிருந்து தருவிக்கப்பட்ட சால்வீனியே வண்டை முதலில் ஓர் அல்லிக்குளத்தில் விட்டுப் பார்த்தனர். பதினொரு மாதத்தில் அக்குளம் தெளிந்தது. பின்னர்க் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அவ்வண்டைப் பெருக்கிக் கேரளத்து நீர்நிலைகளில் விடுத்தனர். மூன்றாண்டுக்குள் கைவிடப்பட்டிருந்த கால்வாய்கள் பலவற்றில் மீண்டும் வள்ளம் ஓடிற்று. 1988-க்குள் ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு களை நீங்கியதாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. வயலில் களையை ஆள் வைத்து எடுக்க ஒரு ஹெக்டேருக்கு 235 ரூபாய் ஆகிவந்த நாளில், கூலிச் செலவில் மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 68 இலட்சம் ரூபாய் மிஞ்சியது. இலங்கையில் 1986-இல் இதே வண்டு விடப்பட்டு அங்கும் நற்பயன் தந்தது. இத்தனைக்கும் காரணமான உயிரினம் ஓர் எள்ளைவிடப் பெரிதன்று.

இனி நிலத்து வண்டைக் காண்போம். மெக்சிக்கோவிலிருந்து வந்த இந்த இலைவண்டின் பெயர் சைகோகிராம்மா பைகலராட்டா. ஆறு மில்லிமீட்டர் அளவுள்ளது, வெளிர்மஞ்சள் முதுகில் நெளிநெளியான பழுப்புக் கோடுகள் உடையது, கண்ணுக்கு அழகானது. 1983-இல் பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, சோதனைகளுக்குப்பின் 1984-இல் வெளியில் விடப்பட்டது. மூன்று நான்கு ஆண்டுகளில் பெருகி, மழைக்காலத்தில் பெங்களூரைச் சூழ்ந்த பார்த்தீனியத்தை இலையின்றி மொட்டையாக்கியது. இதன் புழுவும் வண்டும் இலையையே தின்பன. மண்ணில்தான் கூட்டுப்புழுவாகும். மழை ஓய்ந்து பூண்டு காயத் தொடங்கியதும் வண்டு மண்ணுக்குள் இறங்கி உறங்கிவிடும்; மறு ஆண்டு மழை மண்ணை நனைக்கும்வரை வெளிவராது.

காயலின் வண்டுக்கு இவ்வுறக்கம் தேவையில்லை. அதன் உணவு ஆண்டு முழுதும் மிதக்கிறது. தக்காணத்து நிலவண்டுக்கோ வறட்சி என்னும் எதிரி உண்டு. அது உறங்கும் மாதங்களில் சிறு மழையோ வாய்க்கால் கசிவோ கிடைத்தால் போதும், பார்த்தீனியம் முளைத்துப் பூத்துவிடும். ஒரு செடி பல்லாயிரம் விதை சிந்தும். அவ்விதை மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். வாழிடம் செய்த இந்த வேறுபாட்டை, வண்டின் திறமையைக் கொண்டு ஈடுசெய்ய இயலவில்லை. சால்வீனியாவில் கிட்டிய வெற்றியைப் பார்த்தீனியத்திலும் எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தது இதனால்தான். கோயம்புத்தூரிலிருந்து திருவனந்தபுரத்துக்கு இரயிலேறுபவர் பாலக்காட்டுக் கணவாய் வரை பாதையோரத்தில் பார்த்தீனியத்தைக் காணலாம். மேற்கே மழைநாட்டுக்குள் செல்லச்செல்ல அது அருகிவிடும்.

1990-களின் தொடக்கத்தில் கருநாடகத்தில் இவ்வண்டு சூரியகாந்திப் பயிரில் காணப்பட்டதாகச் செய்தி பரவிற்று. உழவர்கள் கலங்கினர். பார்த்தீனியமும் சூரியகாந்தியும் ஒரே தாவரக் குடும்பம். இவ்வண்டோ அமெரிக்க உருளைக்கிழங்கு வயல்களைப் பாழாக்கிய கொலராடோ வண்டுக்கு நெருங்கிய சுற்றம். ஆகவே அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட நாம் உடன்படமாட்டோம். எண்ணெய்வித்தை நம்பிக் கடன் வாங்கியவனுக்கு, அரசாங்கமே கொண்டுவந்த பூச்சி தன் வயலில் ஊர்வதைக் கண்டால் வேறென்ன தோன்றும்? அறிஞர் குழு அமைக்கப்பட்டது. வண்டை மேலும் விடுவது நிறுத்திவைக்கப்பட்டது. ஆராய்ந்ததில் ஒரு விந்தை தெரியவந்தது. அருகே பூத்து நிற்கும் பார்த்தீனியத்தின் மகரந்தம் காற்றில் வந்து சூரியகாந்தி இலைமேல் படிகிறது. அம்மணத்தால் ஈர்க்கப்பட்டே வண்டு இலையைக் கடிக்கிறது. பொருட்படுத்தத்தக்க சேதம் இல்லை என்ற முடிவுக்கு வந்து, அப்பத்தாண்டின் இறுதியில் தடையை நீக்கினர். இன்று இவ்வண்டு வட இந்தியாவிலும் பரவியிருக்கிறது. பஞ்சாப்பிலோ டில்லியிலோ உள்ள நேயர்கள் ஆடி ஆவணியில் பூண்டு மண்டிய மனையை உற்றுப் பார்த்தால் கோடிட்ட வண்டைக் காணக்கூடும்.

சால்வீனியாவும் அடியோடு தொலையவில்லை. களை குறைந்தால் வண்டு பட்டினியால் குறைகிறது. ஒதுக்கிடத்தில் தப்பிய களை மீண்டும் தலையெடுக்க, வண்டும் பின்தொடர்கிறது. அண்மை ஆண்டுகளில் மத்தியப் பிரதேசத்துச் சாத்புரா நீர்த்தேக்கத்தில் அது பரவி மீனவர் தொழிலைக் கெடுத்தபோது, ஜபல்பூரிலுள்ள களை ஆராய்ச்சி இயக்ககத்தார் இதே கூன்வண்டை விட்டு அந்நீர்நிலையைத் தெளிவித்தனர்.

வேளியிலும் அதனை அடுத்த ஆக்குளத்திலும் இன்று கண்ணை நிறைப்பது ஆகாயத்தாமரை. நகரின் கழிவைச் சுமந்துவரும் ஆமையிழஞ்சான் தோடு முதலிய ஓடைகள் ஆக்குளத்தில் கலக்கின்றன. அச்சத்தை உண்டு செடி கொழுக்கிறது. இதற்கென்று வேறு இரு கூன்வண்டுகள் 1980-களிலேயே இந்தியாவுக்கு வந்துள்ளன. ஆனால் கழிவு மிகுந்த நீரில் செடி வளரும் வேகத்துக்கு அவை ஈடுகொடுப்பதில்லை. மழை மிகுந்த மாதங்களில் வேளியின் மணல்திட்டு உடைந்து பொழி திறக்கும்போது, காயல்நீர் கடலில் இறங்குகிறது, கடல்நீர் உள்ளே ஏறுகிறது. மிதக்கும் செடிகளுள் ஒரு பகுதி அலையில் அடித்துச் செல்லப்பட்டுக் கரையோரத்து மணலில் காய்ந்து கிடக்கிறது.